அந்தச் சீலையை நான் தோய்ச்சிருக்கக் கூடாது

எனக்கு வாய் நீளம் எண்டு பேர். ஊரிலை படிப்பிச்ச பள்ளிக்கூடத்திலையும் சொன்னவை, மெல்பேர்ணுக்கு வந்து பிஸ்கற் பக்டரியிலை நிண்டபோதும் சொன்னவை. ஆனால் என்ரை வாழ்க்கையிலை நான் செய்த பெரிய பிழையை வாயாலை செய்யேல்லை. வாயை மூடிக்கொண்டு, தண்ணியாலை செய்தனான்.

எழுபதுகளின்ரை நடுப்பகுதி அது. கிளேட்டனிலை ஒரு செங்கல் மாடிக் குடியிருப்பிலை நாங்கள் இருந்தம். பக்கத்துக் கதவு தங்கச்சியின்ரை. கூடப்பிறந்தவ இல்லை, அவ என்னை அக்கா எண்டா, நான் தங்கச்சி எண்டன், அவ்வளவுதான். அவவின்ரை மனுசன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலை டொக்டர். அந்த நேரம் மெல்பேர்ணிலை தமிழாக்களை விரல் விட்டு எண்ணலாம். பஸ்ஸிலை போகேக்கை றோட்டிலை ஒரு சீலையைக் கண்டால் அடுத்த தரிப்பிலை இறங்கி ஓடிப்போய்க் கதைப்பம். அப்பிடிப்பட்ட இடத்திலை சுவருக்கு அங்காலை ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை கிடைச்சது எனக்குப் பெரிய காரியம். சுவரும் சும்மா பேருக்குத்தான் சுவர். அவ வெங்காயம் வதக்கினால் இஞ்சை மணக்கும். நான் குளியலறைக் குழாயைத் திறந்தால் அவவின்ரை குசினிச் சுவருக்குள்ளை தண்ணி உறுமும்.

டொக்டரோடை ஒரே ஆஸ்பத்திரியிலை எக்ஸ்ரே எடுக்கிற ஒரு வெள்ளைக்காரர் இருந்தவர். ஆளுக்கு மலைப் பயித்தியம். லீவு கிடைச்சால் நியூசிலாந்துக்குப் போய் ஏதாவது ஒரு பனிமலையிலை தொங்கிக்கொண்டு நிப்பார். நான் அவருக்கு வைச்ச பேர் மலைக்காரர். அந்த வருசம் மலைக்காரர் ஆறேழு பேரைச் சேர்த்துக்கொண்டு நேபாளத்திலை ஒரு பெரிய மலையிலை ஏற வெளிக்கிட்டார். கூட வர ஒரு டொக்டர் வேணும் எண்டு எங்கட டொக்டரைப் பிடிச்சிட்டார்.

நான் டொக்டரை விடேல்லை. "உமக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது, இமயமலை கேக்குதோ?" எண்டு நேரை கேட்டன்.

"நான் ஏறப் போறேல்லை அக்கா. அவை மேலை ஏறுவினம். நான் அடிவாரத்திலை கூடாரத்துக்குள்ளை இருந்து தலையிடிக்கும் இருமலுக்கும் குளிசை குடுக்கிறதுதான்" எண்டார்.

அந்த அடிவாரமே பதினாறாயிரம் அடிக்கு மேலை எண்டது அவர் பிளேன் ஏறினாப் பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. தங்கச்சி அப்ப கலியாணம் கட்டி ரண்டு வருசம். அழேல்லை. "அவருக்கு ஒருக்கா மலை பாக்கவேணுமாம், பாத்திட்டு வரட்டும்" எண்டா. நான் கன நாளைக்குப் பழுதாகாத பருத்தித்துறைத் தட்டை வடை சுட்டு ஒரு பெரிய ரின் நிறையக் குடுத்துவிட்டன். படியாலை இறங்கேக்கை டொக்டர் எங்கள் ரண்டு பேரையும் பாத்து, "சரி, போட்டு வாறன்" எண்டார். போயிட்டு வாறன் எண்டு வெளிக்கிடேக்கை எல்லாரும் சொல்லுறதுதான் அது. அண்டைக்கு அதை ஆரும் பெரிசா எடுக்கேல்லை.

ஒக்ரோபர் மாதம் வங்காள விரிகுடாவிலை ஒரு புயல் எழும்பினது. புயல் எங்களுக்குப் புதிசில்லை. ஓடு பறக்கும், முருங்கை முறியும், வள்ளம் கரையிலை கவிண்டு கிடக்கும், ரண்டாம் நாள் வெயில் எறிக்கும். கரை ஏறினால் அதின்ரை கதை முடிஞ்சுது எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். அது நேரை வடக்கை போய், மலையிலை முட்டி, மூண்டு நாள் விடாமல் பனியாக் கொட்டும் எண்டு எனக்கு ஆர் சொன்னது? எங்கட கடலிலை இருந்து போன தண்ணிதானே எண்டு பிறகு நினைக்க நினைக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலமை றேடியோவிலை சொன்னாங்கள். நேபாளத்திலை பெரும் பனி. மெல்பேர்ண் மலையேறிகளின்ரை அடிவார முகாமைப் பனிச்சரிவு மூடிப்போட்டுதாம். ஆர் தப்பினது எண்டு தெரியாதாம். என்ரை மனுசன் வேலைக்குப் போட்டார், எனக்குப் பின்னேர ஷிப்ட். அடுப்பிலை பால் பொங்கி வழிஞ்சது. சுவருக்கு அங்காலையும் அதே றேடியோதான் கதைச்சுக்கொண்டிருந்தது. பிறகு அது நிண்டுது.

போனன். கதவு திறந்து கிடந்தது. தங்கச்சி குசினிக் கதிரையிலை இருந்தா, கை ரண்டும் மடியிலை. நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன், அது ஆறி ஆடை படிஞ்சுது. பக்கத்திலை ஒரு மணித்தியாலம் இருந்தன். வாய் நீளம் எண்டு பேரெடுத்தவளுக்கு ஒரு சொல்லும் வரேல்லை. கடைசியா எழும்பி, அவவின்ரை தலையைத் தடவிப்போட்டு, பேசாமல் வெளியிலை வந்திட்டன்.

வந்து நேரை குளியலறைக்குப் போனன். உடுத்த சீலையோடை நிண்டு தண்ணியைத் திறந்து முழுகினன். சீலையைத் தோய்ச்சுப் பிழிஞ்சு, கீழை இறங்கி, பின் வளவிலை எல்லாருக்கும் பொதுவா நிக்கிற, உடுப்புக் காயப்போடுற சுத்துற கொடியிலை விரிச்சன். அப்ப மழை தூறிக்கொண்டிருந்தது. அதுகூட எனக்கு உறைக்கேல்லை.

யோசிச்சுச் செய்தனான் எண்டால் மனுசியே இல்லை நான். கால் கொண்டுபோச்சுது, கை திறந்துது. எங்கடை ஆக்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாவீட்டுக்குப் போனால் சொல்லிக்கொண்டு வெளிக்கிடக் கூடாது. "போட்டு வாறன்" எண்டால் திரும்பவும் இப்பிடி ஒரு காரியத்துக்கு வாறன் எண்டமாதிரி. பேசாமல் எழும்பி வந்து, உடுத்ததோடை முழுகி, பிறகுதான் குசினிக்குள்ளை கால் வைக்கவேணும். சின்னனிலை இருந்து எத்தினை சாவீடு. என்ரை உடம்பு அதைப் பாடமாக்கி வைச்சிருந்துது.

கதவு தட்டிக் கேட்டுது. திறந்தன். தங்கச்சி. என்ரை தலையிலை துவாய் சுத்தியிருந்தது. அவ அந்தத் துவாயைத்தான் பாத்தா.

"அக்கா, முழுகினனீங்களோ?"

"சரியான தலையிடி, அதுதான்..." எண்டு இழுத்தன்.

"போகேக்கை சொல்லாமல் போனியள். நீங்கள் மறந்துபோனியள் எண்டு நினைச்சன். பிறகு சுவருக்குள்ளை தண்ணி ஓடின சத்தம் கேட்டது. குசினி யன்னலாலை பாக்கிறன், மழைக்குள்ளை உங்கட சீலை தொங்குது." குரல் உயரேல்லை. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருந்தது. "றேடியோக்காரன் கூடத் தெரியாது எண்டுதானே அக்கா சொன்னவன். நீங்கள்தான் அவரைச் சாக்காட்டினனீங்கள்."

போய்த் தன்ரை கதவைச் சாத்திக்கொண்டா. திறப்புத் திரும்பின சத்தமும் கேட்டுது.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. கீழை ஓடிப்போய்ச் சீலையை உருவி எடுத்து, நனைஞ்சபடி சுருட்டி, அலுமாரிக்குள்ளை அடைஞ்சன். எடுத்தால் என்ன, அவ கண்டது கண்டதுதானே. அண்டைக்குப் பக்டரியிலை ரண்டு பெட்டிக்குப் பிஸ்கற் போடாமலே மூடி ஒட்டிப்போட்டன், மேற்பார்வைக்காரி கத்தினா. இரவு என்ரை மனுசனிட்டைச் சொன்னன். அவர் "வேணுமெண்டு செய்தனியோ?" எண்டு கேட்டார். இல்லையெண்டன். "அப்ப அதைப் போய் அவவிட்டைச் சொல்லு. என்னட்டைச் சொல்லி என்ன பிரியோசனம்?" எண்டார். சில நேரம் இந்த மனுசனுக்கும் மூளை வேலை செய்யும்.

அடுத்த நாள் காலமை கதவைத் தட்டினன். சங்கிலி போட்டபடி நாலு விரல் அகலத்துக்குத் திறந்தா. கண் ரண்டும் வீங்கிக் கிடந்தது.

"நேற்றுச் சொல்லாமல் போட்டன். அதைச் சொல்ல வந்தனான்."

"சொல்லுங்கோ."

"போட்டு வாறன்."

கதவு சாத்துப்பட்டுது. நான் என்ரை வீட்டுக்குள்ளை போய், சுவரிலை சாஞ்சு பத்து நிமிசம் நிண்டிட்டு, திரும்பப் போய்த் தட்டினன். திறந்தா.

"வந்திட்டன்" எண்டன்.

சிரிக்கேல்லை. ஆனால் சங்கிலியைக் கழட்டினா.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும், வேலைக்குப் போகேக்கை, சமைக்கப் போகேக்கை, வெறுமனே உப்பு எடுக்கப் போகேக்கை கூட, வாசலிலை நிண்டு படிக்கட்டு முழுக்கக் கேக்கிற மாதிரி "போட்டு வாறன்" எண்டு கத்துவன். கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் என்னமோ ஏதோ எண்டு எட்டிப் பாப்பார். தங்கச்சி உள்ளையிருந்து "ஓம், வாங்கோ" எண்டுவா. அந்த "ஓம்" வரும் வரைக்கும் நான் கால் எடுக்கமாட்டன்.

வியாழக்கிழமை மலைக்காரரின்ரை மனுசி வந்தா. நெடுத்த பொம்பிளை, சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறவ. வீடு ஹோதோர்ணிலை. தாயை அங்கை ரெலிபோனுக்குப் பக்கத்திலை இருத்திப்போட்டு, தன்னாலை அந்த வீட்டுக்குள்ளை இருக்கேலாமல் இஞ்சை வந்திட்டா. ஒரு சட்டி நிறைய இறைச்சியும் கிழங்கும் அவிச்சுக் கொண்டுவந்தவ. உப்புப் புளி ஒண்டும் இல்லை, நான் ஒளிச்சு மிளகாய்த்தூள் போட்டுத் தங்கச்சிக்குத் தீத்தினன். வெள்ளிக்கிழமையும் வந்தா. சனிக்கிழமையும் வந்தா. மூண்டு பேரும் குசினி மேசையைச் சுத்தி இருப்பம். எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசு பள்ளிக்கூட இங்கிலிசு, ஆறுதல் சொல்ல அதிலை பாடம் இல்லை. அவ மேசைத் துணியின்ரை நூலை இழுத்துக்கொண்டிருப்பா, நான் பயற்றங்காய் முறிச்சுக்கொண்டிருப்பன்.

"நீ வாசலிலை நிண்டு கத்துறது என்ன?" எண்டு ஒருக்கா என்னட்டைக் கேட்டா. தங்கச்சி விளங்கப்படுத்தினா. போறன் எண்டு மட்டும் சொல்லமாட்டம், போய்த் திரும்பி வாறன் எண்டுதான் சொல்லுவம் எண்டு. சீலைக் கதையைச் சொல்லேல்லை. சொல்லாமல் என்ரை முகத்தை ஒருக்காப் பாத்தா, அவ்வளவுதான். அந்தப் பார்வையிலை கோபம் இல்லை, எனக்கு அது போதும்.

மலைக்காரரின்ரை மனுசி அதைச் சொல்லிப் பழகினா. "பொட்டு வாரன்" எண்டுதான் வாயிலை வரும். என்ரை வகுப்பிலை இருந்திருந்தால் வாங்குக்கு மேலை ஏத்தி விட்டிருப்பன் எண்டன். அவ அந்தக் கிழமையிலை முதல் தரமாச் சிரிச்சா.

திங்கட்கிழமை ஒரு நீலக் கடுதாசி வந்துது. டொக்டரின்ரை கையெழுத்து. பிரிச்சுப் பாத்தால் பனி விழுறதுக்கு முதல் எழுதினது. வானம் சரியான துப்புரவு, இரவிலை மின்னுற வெள்ளி எல்லாம் கைக்கெட்டுற மாதிரி, தான் சுகம் எண்டு எழுதியிருந்தார். அடியிலை ஒரு வரி: அக்காவின்ரை வடை ரின்னை மலைக்காரர் தன்ரை கூடாரத்துக்குள்ளை ஒளிச்சு வைச்சுப்போட்டு, ஆளுக்கொண்டு வீதம் கணக்குப் பாத்துத் தாறார். தங்கச்சி அதை இங்கிலிசிலை சொல்ல, அந்த மனுசி வாயைப் பொத்திக்கொண்டா. "அவன் அப்பிடித்தான், அவன் அப்பிடித்தான்" எண்டு ரண்டு தரம் சொன்னா. உயிரோடை இருக்கிறானோ இல்லையோ தெரியாத ஒருத்தன் என்ரை வடையைக் களவெடுத்த கதையைக் கேட்டு மூண்டு பேரும் அழுதம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தங்கச்சியின்ரை ரெலிபோன் அடிச்சுது. அரசாங்க ஆள் ஒருத்தர், கன்பராவிலை இருந்து. மூண்டு பேரும் அந்தக் குசினிக்குள்ளைதான் நிண்டம். தங்கச்சி காதிலை வைச்சுக்கொண்டு "யெஸ், யெஸ்" எண்டா. பிறகு அப்பிடியே நிலத்திலை இருந்திட்டா.

"இருக்கிறாராம் அக்கா."

பனி தொடங்குறதுக்கு முதல் நாள் சாமான் சுமக்கிற ஒருத்தருக்கு மூச்செடுக்கேலாமல் போய், டொக்டர் அவரைக் கூட்டிக்கொண்டு கீழைக் கிராமத்துக்கு இறங்கினவராம். பாதை மூடுப்பட்டு ஒரு கல் வீட்டுக்குள்ளை நாட்கணக்கா அடைபட்டுக் கிடந்திருக்கிறார். நோயாளியும் தப்பியாச்சு. மற்ற ஆக்களைப் பற்றி அவையின்ரை குடும்பங்களோடைதான் கதைப்பம் எண்டு அந்த அரசாங்க ஆள் சொன்னவர்.

நான் தங்கச்சியைக் கட்டிப்பிடிச்சன். சந்தோசப்படவும் பயமா இருந்தது. நிமிந்து பாத்தால் மலைக்காரரின்ரை மனுசி கார்த் திறப்பைக் கையிலை எடுத்திட்டா. தங்கச்சியின்ரை கன்னத்தைத் தொட்டு "எனக்குச் சந்தோசம்" எண்டா, உண்மையாத்தான் சொன்னா. வாசலிலை திரும்பி நிண்டு "பொட்டு வாரன்" எண்டா. நாங்கள் ரண்டு பேரும் "ஓம், வாங்கோ" எண்டம்.

பின்னேரம் தெரிய வந்துது. மலைக்காரரும், அண்டைக்கு அவரோடை அடிவார முகாமிலை நிண்ட, மலைக்கு வழிகாட்டுற ரண்டு ஷெர்பாக்களும். மேலை ஏறினவை தப்பி, அடியிலை இருந்தவை செத்துப்போச்சினம். அந்த ஷெர்பாக்களின்ரை வீட்டிலையும் ஆரோ பாத்துக்கொண்டு இருந்திருப்பினம். அவைக்கு ஆர் போய்ச் சொன்னது எண்டு எனக்கு இண்டை வரைக்கும் தெரியாது.

தங்கச்சி ரண்டு நாள் யோசிச்சா. "என்ரை மனுசன் உயிரோடை. நான் எந்த முகத்தோடை அவவின்ரை வீட்டுக்குப் போறது? தனியப் போக ஏலாது அக்கா, நீங்களும் வாங்கோ" எண்டா. போனம். லைசன்ஸ் எடுத்து மூண்டு மாதம் ஆகாத நான்தான் கார் ஓட்டினன்.

அந்த வீட்டிலை பத்துப் பதினைஞ்சு பேர். கறுப்பு உடுப்பு, கையிலை கோப்பை, மெல்லிசாக் கதை. வீட்டுக்காரியே தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கொண்டு திரியிறா. சாவீட்டிலை அவவை ஒரு இடத்திலை இருக்க விடுறதுக்கு ஒருத்தரும் இல்லையோ எண்டு எனக்குக் கோபம் வந்தது. ஒவ்வொருத்தரா வெளிக்கிட்டினம். "ஏதும் தேவையெண்டால் சொல்லு" எண்டு வாசலிலை சொல்லிச் சொல்லிப் போச்சினம். எல்லாரும் நல்ல ஆக்கள்தான். ஆனால் ஒருத்தராவது நாளைக்கு வாறன் எண்டு சொன்னதை நான் கேக்கேல்லை.

தங்கச்சி அவவைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்ச நேரம் நிண்டா. பிறகு என்னைப் பாத்தா. இந்தமுறை பிழை விடக்கூடாது எண்டு ரண்டு பேருக்கும் தெரியும். இது சாவீடுதான், சந்தேகம் இல்லை. பேசாமல் எழும்பினம், திரும்பிப் பாக்காமல் நடந்தம்.

கேற்றடியிலை கை வைக்கேக்கை பின்னாலை கதவு திறந்த சத்தம். அவ வெறுங்காலோடை படியிலை நிக்கிறா.

"நீ இண்டைக்கு அதைச் சொல்லேல்லை" எண்டா, என்னைத்தான் பாத்து.

தங்கச்சி என்ரை கையை இறுக்கிப் பிடிச்சா. என்ரை அம்மா பக்கத்திலை நிண்டிருந்தால் வாயைப் பொத்தியிருப்பா. எங்கட வழக்கம் இப்பிடி எண்டு விளங்கப்படுத்தலாம், பதினொரு வருசம் படிப்பிச்சவளுக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் உன்ரை வீடு இப்ப சாவீடு, அதாலைதான் சொல்லேல்லை எண்டு, வெறுங்காலோடை ஓடிவந்து நிக்கிற ஒருத்தியிட்டை எப்பிடிச் சொல்லுறது?

"போட்டு வாறன்" எண்டன். கிளேட்டன் படிக்கட்டிலை கத்துற அதே சத்தத்திலை. றோட்டாலை நாயோடை போன ஒருத்தர் திரும்பிப் பாத்தார். பாக்கட்டும். "நாளைக்கு. பத்து மணிக்கு" எண்டு இங்கிலிசிலையும் சொன்னன்.

அவ "ஓம்" எண்டா. எங்களிட்டைக் கேட்டுப் பழகினது.

திரும்பிக் கிளேட்டனுக்கு வந்தம். எங்கட வாசலடியிலை வந்து தங்கச்சி நிண்டா.

"அக்கா, இப்ப முழுகப் போறியளோ?"

"எனக்கு எங்கை நேரம்? நாளைக்கு அவவுக்கு வடை கொண்டுபோகவேணும்" எண்டன்.

உடுத்த சீலையோடை நேரை குசினிக்குள்ளை போய் உழுந்தை ஊறப் போட்டன்.